கோதுமை விஸ்கிக்கு மார்க் போட்ட கதை

புதுச்சேரிக்காரனுக்குக் குடிக்கத் தெரியாது என்று ஒருத்தன் நினைத்துவிட்டால், அதைவிடப் பெரிய மானக்கேடு அந்த ஊர்க்காரனுக்கு உண்டா? முத்தியால்பேட்டை தணிகாசலத்துக்கு அப்படி ஒரு மானக்கேடு நேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பார்.

நடந்தது இதுதான். மகள் கல்யாணம் முடிந்த மறுநாள், அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அறிவழகன், மாமனாருக்கென்று ஆசையாகக் கொண்டுவந்த விஸ்கியைத் திறந்து ஒரு கிளாஸில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தான். தணிகாசலம் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். பக்கத்தில் பந்தி மிச்சமாகப் பன்னீர் சோடா இருந்தது. அதை நுரை பொங்க அதில் ஊற்றி, ஒரே மடக்கில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளையின் முகம் இழவு வீட்டுக்குள் நுழைந்தவன் முகம்போல ஆகிவிட்டது. "பரவால்ல மாமா" என்றான். அந்தப் "பரவால்ல" இன்றைக்கு வரைக்கும் தணிகாசலத்தின் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை சும்மா குடிக்கிறவன் இல்லை. ஒவ்வொரு விஸ்கியையும் மோந்து பார்த்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கம்ப்யூட்டரில் எழுதுகிறவன். ஒரு பாட்டிலை ஒரு வருஷம் வைத்துக் குடிப்பானாம். அப்படிப்பட்டவன் இப்போது ஊருக்கு வந்த நண்பன் ஒருவன் கையில் மாமனாருக்கு இன்னொரு பாட்டில் கொடுத்தனுப்பி, போனிலும் கூப்பிட்டான்.

"மாமா, இது கோதுமை போர்பன், அமெரிக்கா விஸ்கி. சாதாரண போர்பன்ல சோளத்தோட ரைன்னு ஒரு தானியம் சேப்பாங்க. இதுல அதுக்குப் பதிலா கோதுமை. பொறுமையா ருசிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடியோ கால்ல வரேன். எப்படி இருக்கு, எத்தனை மார்க்னு நீங்கதான் சொல்லணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் கனகவல்லியும் கேட்டுக்கொண்டிருந்தாள். தணிகாசலத்துக்குச் சுகர் வந்ததிலிருந்து வீட்டில் பாட்டில் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

"கோதுமைலயா பண்ணது?"

"கோதுமைதான். நீயே கேட்டியே."

கனகவல்லி யோசித்தாள். அரிசியைக் குறை, கோதுமை சாப்பிடு என்று டாக்டர் சொன்னதிலிருந்து ராத்திரிதோறும் சப்பாத்தி தேய்த்துத் தேய்த்து அவள் தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது. கோதுமை கெடுதல் செய்யாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "சரி, ஒரு கிளாஸ் போட்டுக்குங்க. சின்ன கிளாஸ்" என்றாள். எந்த ஆஸ்பத்திரியும் கண்டுபிடிக்காத மருத்துவ உண்மை இப்படித்தான் முத்தியால்பேட்டையில் ஓர் அடுக்களையில் கண்டுபிடிக்கப்பட்டது.

உத்தரவு கிடைத்துவிட்டது. மார்க் போடுவது எப்படி? இந்தத் தடவையும் சொதப்பினால் மாப்பிள்ளை இன்னொரு "பரவால்ல" சொல்லுவான். அதைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு தணிகாசலத்துக்கு இல்லை. அதனால் அவர் சவரிராயனைக் கூப்பிட்டார்.

சவரிராயன் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்குப் பாண்டியில் அப்படித்தான் பெயர். தெருவில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு "முசே" என்பார்கள். உலகத்தில் அவர் போகாத ஊரும் இல்லை, பார்க்காத வேலையும் இல்லை. முழுவதும் நம்பினால் ஆபத்து என்று தணிகாசலத்துக்கே தெரியும். அதனால் துணைக்குக் கலியமூர்த்தியையும் வரச் சொன்னார். கலியமூர்த்தி மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடமாட்டார், பேச்சையும் சேர்த்து. பி.பி. இருக்கிறது, ஆனால் கோதுமை என்று கேள்விப்பட்டதும் அவரும் கிளம்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் கொஞ்சம் இறங்கியதும் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் மூன்று நாற்காலி போட்டாயிற்று. கனகவல்லி நெத்திலி வறுவலை வைத்துவிட்டுப் போனாள். கலியமூர்த்தி கையோடு கொண்டுவந்த சோடாவைப் பார்த்ததும் சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதை என் கண்ணுல காட்டாதே. இதைக் காய்ச்சற கென்டக்கில, விஸ்கில சோடா ஊத்தினவனைப் பிடிச்சு உள்ள போட்டுடுவான்."

"நீ கென்டக்கிக்குப் போனியா?" என்றார் கலியமூர்த்தி.

"போனியாவா? பட்டாளத்துல இருந்தப்ப அமெரிக்காக்காரனோட சேந்து பயிற்சின்னு எங்களை அங்கதானே அனுப்பினான்."

"போன மாசம் நீ பட்டாளத்துல சமையல்கட்டுல இருந்ததாச் சொன்னே."

"சமையல்கட்டும் கூட வந்துச்சிப்பா. பட்டாளம் பட்டினியாவா போவும்?" சவரிராயன் கிளாஸை நீட்டினார். தணிகாசலம் ஊற்றினார். சவரிராயன் அதை மோந்து பார்த்து, தலையை ஆட்டி, ஒரு வாய் குடித்தார். "இதே வாசனை. லாரில போய்க்கிட்டு இருக்கோம், இந்த வாசனை வந்து மூக்குல ஏறுது. நிறுத்துன்னேன். மூணாவது கிடங்குல மேல் வரிசை, ஓரத்துப் பீப்பாய் ஒழுகுதுன்னேன். எங்க கேப்டன் சிரிச்சான். இங்க கிடங்கே இல்லியேடான்னான். இன்னும் பத்து மைல் இருக்குன்னேன்."

"இருந்துச்சா?"

"பத்தே கால் மைல். எதிர்க்காத்து அடிச்சதுல கால் மைல் தப்பாயிடுச்சு." அந்தக் கால் மைலுக்காக அவர் இன்னமும் வருத்தப்படுவதாகத் தெரிந்தது. "கிடங்கு முதலாளி பர்னபி துரை ஓடியாந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். இந்த மூக்கு இனிமே பட்டாளத்துல வெங்காயம் உரிக்கக் கூடாது, மார்க் போடத்தான் வேணும்னுட்டான். அன்னிலேருந்து நான்தான் அங்க தலைமைச் சுவைப்பாளன்."

தணிகாசலத்துக்கு மற்றது எதுவும் தேவையில்லை, அந்தக் கடைசி வார்த்தைதான் தேவை. "அப்ப இதுக்கு எத்தனை மார்க் போடலாம் சவரி?"

"அவசரப்படாதே. மொத வாய் நாக்குக்கு. ரெண்டாவது வாய்தான் மூளைக்கு."

ரெண்டாவது ஊற்றியாயிற்று. தணிகாசலமும் தன் கிளாஸில் ஒரு மிடறு எடுத்தார். பயத்தில் மெதுவாகத்தான் குடித்தார். என்னவோ ஒரு இனிப்பு நாக்கின் ஓரமாகப் போனது. அது என்ன என்று யோசிப்பதற்குள் சவரிராயன் ஆரம்பித்துவிட்டார்.

"மொத நாள் ஒரு பீப்பாயிலேருந்து ஒரே ஒரு சொட்டு குடுத்தான். நாக்குல வச்சேன். இந்தக் கோதுமை ஆத்தோரத்து நிலத்துல விளைஞ்சதுன்னேன். சரின்னான். அறுத்தது செவ்வாக்கிழமைன்னேன். கணக்கைப் பாத்துட்டு அதுவும் சரின்னான். அறுத்தவனுக்கு ஜலதோஷம்னேன். ஆளை விட்டு விசாரிச்சான். ஜலதோஷம் அவனுக்கில்லை, அவன் பொண்டாட்டிக்கு."

"அப்ப தப்பாச் சொல்லிட்டே" என்றார் கலியமூர்த்தி, சந்தோஷமாக.

"என்ன தப்பு? அன்னிக்கு வயல்ல அறுத்ததே பொண்டாட்டிதான்யா. அவன் வீட்ல தூங்கிக்கிட்டு இருந்தான். என்னால அந்தக் குடும்பத்துல சண்டையே வந்துடுச்சு." சவரிராயன் ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்தார். "அதுக்கப்புறம் என் நாக்குக்குப் பாதுகாப்பு போட்டுட்டான் துரை. கண்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு ருசி கெட்டுடக் கூடாதுன்னு, தினமும் வேலை முடிஞ்சதும் வாயை மூடி, பாட்டிலுக்கு வைக்கிற அரக்கை உருக்கி, சீல் வச்சுடுவான். காலைலதான் உடைப்பான்."

"அந்த சீலை உடைச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று கலியமூர்த்தி பல்லைக் கடித்தார்.

தணிகாசலம் கைப்பேசியைப் பார்த்தார். ஆறரை மணிக்குக் கூப்பிடுவான். இன்னும் நேரம் இருந்தது, ஆனால் பாட்டிலில் பாதிதான் இருந்தது. அவர் குடித்தது கொஞ்சம்தான். கலியமூர்த்தி, ஆதாரம் இல்லாத ஒவ்வொரு விஷயத்தையும் கேட்கக் கேட்க எரிச்சலில் ஒரு வாய் குடித்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு கணக்காகத்தான் போனது.

"சவரி, மார்க்."

"சொல்றேன் இரு. மார்க் போடறது விளையாட்டா? மொத வருஷம் பர்னபி துரையோட விஸ்கிக்கு எல்லாரும் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு அள்ளிக் குடுத்தான். நான் பன்னெண்டு குடுத்தேன். துரை பொலபொலன்னு அழுதுட்டான். ஊர்ல மூணு நாள் கடை தொறக்கல. மாதா கோயில்ல மணி அடிச்சான். அப்புறம் என் காலடியில வந்து உக்காந்து, என்ன குறைன்னு கேட்டான். நான் சொன்னேன், துரை, உன் கோதுமை தனியா இருக்குது, அதுக்குத் துணை இல்ல. இன்னிக்குக் காய்ச்சின ஊறல்ல ஒரு கரண்டி எடுத்து வை. நாளைக்குப் புது ஊறல்ல அதைக் கலந்து விடு. எங்க ஊர்ல பாலுக்கு உறை ஊத்தற மாதிரின்னேன். அன்னிலேருந்துதான் அமெரிக்காக்காரன் பழைய ஊறலைப் புதுசுல கலக்கறான். பாட்டில்லயே போட்டிருப்பான், ஆனா என் பேரைப் போடமாட்டான்."

சுண்டல் கிண்ணத்தோடு வந்த கனகவல்லி படியிலேயே நின்றாள். "உறை ஊத்தறதை நீங்களா அண்ணே சொல்லிக் குடுத்தீங்க? பால் எந்தப் பக்கம் பொங்கும்னே உங்களுக்குத் தெரியாதுன்னு அண்ணி சொல்லிட்டு இருந்தாங்க."

"அது பாண்டிச்சேரிப் பால் தங்கச்சி. நான் பேசறது கென்டக்கி" என்றார் சவரிராயன், கொஞ்சமும் அசராமல்.

கனகவல்லி பாட்டிலை ஒரு பார்வை பார்த்தாள். கணவனை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கீழே போனாள். சாதாரணமாக அவள் ஏதாவது சொல்லிவிட்டால் தணிகாசலத்துக்கு நிம்மதி. சொல்லாமல் போனால்தான் பயம். அந்தப் பயத்துக்கு இன்னொரு மிடறு எடுத்தார். கோதுமைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"உறை ஊத்தின அப்புறம் வந்துது பாரு விஸ்கி" என்று சவரிராயன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பீப்பாயைக் கிடங்குல வச்சா ராத்திரி தானா உருண்டு வாசல்ல வந்து நிக்குது. இருப்பு கொள்ளல அதுக்கு. அதுல ஒரு சொட்டு தவறிப்போயி குதிரைத் தொட்டித் தண்ணில விழுந்துடுச்சு. கென்டக்கில குதிரைப் பந்தயம் ரொம்பப் பேரு பெத்தது. துரையோட நொண்டிக் குதிரை ஒண்ணு, யாரும் மதிக்காதது, அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டுப் பந்தயத்துக்குப் போச்சு. கொடி அசைச்சதுதான் தெரியும். குதிரையைக் காணோம்."

"எங்க போச்சாம்?"

"அவ்வளவு வேகம். இந்த வருஷப் பந்தயத்துல ஓடி, போன வருஷக் கோப்பையை ஜெயிச்சிட்டு வந்துடுச்சு. போன வருஷம் ஜெயிச்சவன் வீட்டு அலமாரில இருந்த கோப்பையைத் திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு, பாவம்."

கலியமூர்த்தி எழுந்து நின்றார். லைன்மேனாக இருந்த காலத்தில் கம்பத்து உச்சியில்கூட அவருக்குத் தலை சுற்றியதில்லை. இப்போது சுற்றியது. உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஊத்து தணிகாசலம். தெளிவா இருந்துக்கிட்டு இதைக் கேக்க முடியாது."

"அந்த விஸ்கிக்கு எத்தனை மார்க் குடுத்தே?" என்று கேட்டார் தணிகாசலம். இவர் வாயிலிருந்து ஏதாவது ஒரு எண் வந்தால் போதும், அதில் கொஞ்சம் குறைத்து மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

"நூத்தியொண்ணு."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான். துரை கையைப் பிசைஞ்சான். மார்க் பலகைல எழுத இடம் இல்ல. அந்த உபரி ஒரு மார்க்கை என்ன பண்றதுன்னு பெரிய பஞ்சாயத்தாயிடுச்சு. கடைசில நான்தான் வழி சொன்னேன். அந்த ஒத்தை மார்க்கைத் தனியா ஒரு சின்னப் பீப்பாய்ல ஊத்தி மூடி வச்சோம். ஏழு வருஷம் கழிச்சுத் தொறந்து பாக்கறோம், ஊறி நாலு மார்க்கா ஆயிருந்துது."

பொய் என்று சொல்லக்கூடக் கலியமூர்த்திக்குத் தோன்றவில்லை. எங்கே டெஸ்டரை வைப்பது என்று தெரியாமல் திகைத்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அலறியது.

தணிகாசலம் அதைச் சவரிராயனிடம் நீட்டினார். "சவரி, மாப்பிள்ளை. நீ பேசு. நீதானே தலைமைச் சுவைப்பாளன்."

"நான் பேசக் கூடாதுப்பா. என் பேரைக் கேட்டா அந்தப் பக்கத்துல எல்லாரும் எழுந்து நின்னுடுவான். மாப்பிள்ளைக்குச் சங்கடம்." சொல்லிக்கொண்டே சவரிராயன் நாற்காலியோடு கேமராவுக்கு எட்டாத மூலைக்கு நகர்ந்துவிட்டார். மத்தியானத்திலிருந்து மூடாத வாய் இறுக மூடிக்கொண்டது, யாரும் அரக்கு வைக்காமலே.

திரையில் அறிவழகன் தெரிந்தான். அங்கே காலை வெளிச்சம். "மாமா, குடிச்சுப் பாத்தீங்களா? எப்படி இருக்கு?"

ஜலதோஷக்காரி, நொண்டிக் குதிரை, நாலு மார்க் என்று என்னென்னவோ தணிகாசலத்தின் தலைக்குள் ஓடின. அதில் எதையும் மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் அவர் உண்மையைச் சொன்னார்.

"எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது மாப்பிள்ளை. மொதல்ல வெல்லப்பாகு வாசனை வந்துது. அப்புறம் தச்சுப் பட்டறைல புதுசா இழைச்ச பலகை வாசனை. தொண்டைல இறங்கறப்ப மத்ததெல்லாம் சண்டைக்கு வர்ற மாதிரி இறங்கும். இது அப்படி இல்ல. பதமா இறங்கி, நெஞ்சுல உக்காந்துக்கிட்டு, அங்கேருந்து மெதுவா சூடு குடுக்குது. கடைசில வேர்க்கடலை வறுத்த ருசி கொஞ்சம் நாக்குல நின்னுது. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

மாப்பிள்ளை வாயைப் பிளந்துவிட்டான். "மாமா, அந்த சண்டைக்கு வர்றதுன்னு சொன்னீங்களே, அதுதான் ரை. அந்தக் காரம் கோதுமைல இருக்காது. கரெக்டா பிடிச்சிட்டீங்க. மார்க்?"

"எண்பத்தாறு."

"நான் எண்பத்தஞ்சு போட்டிருக்கேன் மாமா."

"அந்த ஒண்ணு, நீங்க குடுத்தனுப்பினதுக்காகப் போட்டது."

அறிவழகன் சிரித்தான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் மாமனாரிடம் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் இருந்த முள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கலியமூர்த்தி எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். மூலையில் இருந்த சவரிராயன், எல்லாம் தான் சொல்லிக் கொடுத்தது என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அத்தோடு போனை வைத்திருக்கலாம். மாப்பிள்ளை வைக்கவில்லை. "மாமா, ஒரே ஒரு விஷயம். சாயங்கால வெளிச்சத்துல அதோட நிறம் தனி அழகு. பாட்டிலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

கலியமூர்த்தி, உதவி செய்கிற நினைப்பில், யோசிக்காமல் பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பிடித்துவிட்டார். பாட்டிலுக்குள் நிறம் ஒன்றும் இல்லை. அதன் வழியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்தது.

தணிகாசலம் நல்ல மனுஷர். வாழ்க்கையில் பெரிதாகப் பொய் பேசியதில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதையை இரண்டு நிமிஷத்தில் தொலைக்க யாருக்குத்தான் மனசு வரும்? மத்தியானத்திலிருந்து சவரிராயன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"ஆவியாப் போயிடுச்சு மாப்பிள்ளை" என்றார். "பாண்டிச்சேரி வெயில் உங்களுக்குத் தெரியாதது இல்ல. மூடியைத் தொறந்து வச்சிட்டு நெத்திலி எடுத்துட்டு வரலாம்னு கீழ போனேன். வந்து பாக்கறேன், புகையாப் போயிக்கிட்டு இருக்கு. காக்காய்ங்க எல்லாம் வரிசையா உக்காந்து வேடிக்கை பாக்குது. நாங்க மூணு பேரும் துண்டை விரிச்சுப் பிடிச்சுப் பாத்தோம். துண்டு நனைஞ்சதுதான் மிச்சம்."

சவரிராயன் மூலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகப் பொறாமை தெரிந்தது.

அறிவழகன் மிகவும் பொறுமையாகச் சொன்னான்: "பீப்பாய்ல இருக்கறப்பவும் கொஞ்சம் ஆவியாப் போகும் மாமா. அதை இங்க தேவதைகளோட பங்குன்னு சொல்லுவாங்க. தேவதைகள் வந்து குடிச்சிட்டுப் போறதா ஐதீகம். ஆனா அதுங்க ஒரு வருஷம் முழுக்கக் குடிச்சாலும் ஒரு பாட்டில் கணக்குக்கு ஒரு கிளாஸ்கூடக் குறையாது. ஒரே மத்தியானத்துல முழுப் பாட்டிலைக் குடிச்ச தேவதைகளை நான் கேள்விப்பட்டதில்ல."

காலித் தட்டு எடுக்க வந்திருந்த கனகவல்லி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவன் கையிலிருந்து போனை வாங்கினாள். கேமராவைத் திருப்பி, மூன்று நாற்காலியையும் ஒவ்வொன்றாக நிதானமாகக் காட்டினாள்.

"கேள்விப்படலைன்னா இப்பப் பாத்துக்குங்க மாப்பிள்ளை. இந்தத் தேவதைக்குச் சுகர். இந்தத் தேவதைக்கு பி.பி. மூலைல ஒளிஞ்சிருக்கே, அதுக்கு வாய்."